டீசல் லாரிக்கு உஷ்ணமானி பொருத்தும் முறை

கிராமத்தின் விளைபொருள் உரிய காலத்தில் சந்தையை அடைந்தால்தான் உழவனின் உழைப்பு பலன் தரும். கொல்லிமலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளை அடைவதும், தாளவாடிப் பகுதியின் காய்கறிகள் வெளியூர்ச் சந்தைகளுக்குச் செல்வதும் லாரிகளினாலேயே நடைபெறுகின்றன. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகள் உள்ளன. இத்தகைய ஏற்றங்களில் பாரத்துடன் செல்லும் டீசல் எஞ்சின் எவ்வளவு சூடேறும் என்பதை லாரித் தொழிலில் ஈடுபட்டோர் நன்கு அறிவர்.

கடன் பெற்று லாரி வாங்கிய குடும்பத்திற்கு எஞ்சினே மூலதனம். அது ஒரு முறை அளவு கடந்து சூடேறினால் சிலிண்டர் ஹெட் வளையலாம், கேஸ்கட் கருகலாம், பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். பழுது பார்க்கும் செலவு ஒருபுறமிருக்க, வழியில் நின்ற வண்டியில் சரக்கு அழுகுவதும், மாதத் தவணை தவறுவதும் பெரும் நஷ்டங்களாகும். இவற்றுள் பெரும்பகுதியைத் தக்க உஷ்ணமானிகளைப் பொருத்தி, அவற்றைக் கவனித்து ஓட்டுவதால் தடுக்கலாம். அதற்கான முறையை இங்கு விளக்குவோம்.

உஷ்ணம் செல்லும் வழி

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரினுள் காற்று மட்டும் பலமாக அமுக்கப்படுகிறது. அதனால் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் உயர்கிறது. அக்காற்றில் டீசல் தூவப்பட்டவுடன் தானே பற்றி எரிகிறது. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரையே வண்டியை இழுக்கப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும், ரேடியேட்டர் நீரின் வாயிலாகவும் வெளியேற வேண்டும். வெளியேறும் வழியில் தடை நேர்ந்தால் எஞ்சினுக்குத் தீங்கு விளையும்.

ஆகவே கவனிக்க வேண்டிய உஷ்ணங்கள் முக்கியமாக இரண்டு. முதலாவது குளிர்விக்கும் நீரின் உஷ்ணம். இரண்டாவது புகையின் உஷ்ணம். மலைப்பாதையில் அடிக்கடி செல்லும் வண்டிகளுக்குக் கியர்பெட்டி எண்ணெயின் உஷ்ணத்தையும் அறிவது நலம்.

இருக்கும் முள் போதாதா?

வண்டியுடன் வரும் உஷ்ணமானியே போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு மட்டுமே உள்ளது. அது எரியும்போது தீங்கு நெருங்கியிருக்கும். வேறு சிலவற்றில், சிறு ஏற்ற இறக்கங்களைக் காட்டாமல் முள் நடுவிலேயே நிற்குமாறு அமைத்திருக்கிறார்கள். எண்கள் குறித்த தனி உஷ்ணமானியோ ஒவ்வொரு மாறுதலையும் உடனுக்குடன் தெரிவிக்கும். நேற்று இதே ஏற்றத்தில் 88 டிகிரி காட்டிய முள் இன்று 96 காட்டுமாயின், ரேடியேட்டரில் அடைப்போ, விசிறிப் பெல்ட்டில் தளர்ச்சியோ உண்டாகியிருக்கலாம் என்று முன்கூட்டியே ஊகித்தறியலாம்.

நீரின் உஷ்ணமானி

இதில் இரு வகைகள் உண்டு. முதல் வகையில், ஒரு குமிழும் அதிலிருந்து நீளும் மெல்லிய செப்புக் குழலும் இருக்கும். குமிழிலுள்ள திரவம் சூட்டினால் ஆவியாகி அழுத்தம் தர, மானியினுள் வளைந்திருக்கும் குழல் நிமிர்ந்து முள்ளை நகர்த்தும். 1849-ல் பிரெஞ்சு நாட்டினரான பூர்தோன் கண்ட அமைப்பு இது. இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஆனால் செப்புக் குழலை வெட்டவோ கூர்மையாக மடக்கவோ கூடாது. நீளம் மிகுந்தால் வளையமாகச் சுற்றிக் கட்ட வேண்டும்.

இரண்டாம் வகை மின்சார சென்சார். இதனுள் இருக்கும் பொருளின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். ஒரு கம்பி மானிக்குச் செல்லும். மற்றொரு இணைப்பு எஞ்சினின் உடலே. ஆதலால் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் எர்த் தடைப்பட்டு முள் தவறாகக் காட்டும். ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸை வெட்டி அதனிடையே சென்சாரைப் பொருத்துவோர், ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை மறவாமல் தனி எர்த் கம்பி இணைக்க வேண்டும். ஒரு சென்சாருக்கு உரிய மானியை வேறொன்றுடன் இணைத்தலும் தவறு.

சென்சாருக்குச் சிறந்த இடம், சிலிண்டர் ஹெட்டிலிருந்து சுடுநீர் வெளியேறும் வழியில், தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கமாகும். மறுபக்கம் பொருத்தினால், தெர்மோஸ்டாட் திறக்கும் வரை முள் எஞ்சினின் உண்மையான சூட்டைக் காட்டாது. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே நீரை வடித்து வேலையைத் தொடங்குக. முடிந்ததும் நீர் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் வெளியேறும் வரை எஞ்சினை ஓடவிட வேண்டும்.

புகையின் உஷ்ணமானி

நீர் சூடேறச் சில நிமிடங்கள் பிடிக்கும். புகையின் உஷ்ணமோ சில விநாடிகளிலேயே உயர்ந்துவிடும். ஆகையால் எஞ்சின் படும் பாட்டை முதலில் அறிவிப்பது இதுவே.

இதற்குப் பயன்படுவது தெர்மோகப்பிள். இருவேறு உலோகக் கம்பிகளை இணைத்து இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்பதை 1821-ல் ஜெர்மானிய விஞ்ஞானி சீபெக் கண்டறிந்தார். இப்பணிக்கு வழக்கமாக உபயோகிக்கப்படும் கே வகையில், நிக்கல்-குரோமியக் கலவைக் கம்பியும் நிக்கல்-அலுமினியக் கலவைக் கம்பியும் இணைந்துள்ளன. 600 டிகிரியிலும் அது தரும் மின்னழுத்தம் சுமார் 25 மில்லிவோல்ட்டே. இவ்வளவு நுண்ணிய அளவாதலால், இடையில் சாதாரணச் செப்புக் கம்பியை ஒட்டுப் போடலாகாது. அதே வகைக்குரிய கம்பியையே நீட்ட வேண்டும். அமெரிக்க முறைக் கம்பிகளில் சிவப்பு நிறம் எதிர்முனையைக் குறிக்கும். சிவப்பு என்றால் நேர்முனை என்று கருதி மாற்றி இணைப்போர் பலராதலால் இதனை நினைவிற் கொள்க.

டர்போ உள்ள வண்டியில், புகை டர்போவை அடையும் முன்னுள்ள மேனிபோல்டில் துளையிட்டு மரை வெட்டிப் பொருத்துவதே சரியானது. டர்போவைக் கடந்த புகை, பாரம் இழுக்கும்போது நூறு டிகிரிக்கு மேலும் குளிர்ந்திருக்கும். அங்கு அளந்தால் அபாயம் மறைந்துவிடும். துளையிடும்போது விழும் இரும்புத் துகள் ஒன்று உள்ளே தங்கினாலும், நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் டர்போச் சக்கரத்தைச் சிதைத்துவிடும். எனவே மேனிபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத் துளையிடுவதே உத்தமம். இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும்.

கம்பி இணைப்பு

கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பு உடையவை. சிறு வண்டிகள் 12 வோல்ட். மானி எதற்குரியது என்று பார்த்து வாங்குக. சாவி திருப்பிய பின்னரே மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து, சிறு பியூஸ் வழியாகக் கம்பியை எடுக்க வேண்டும். எஞ்சின் பக்கத்துத் தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் பொருத்தாவிடில், அதிர்வினால் கம்பியின் உறை தேய்ந்து தீப்பற்ற இடமுண்டு. சைலன்ஸர்க் குழாயையும் விசிறியையும் விட்டுக் கம்பிகள் விலகிச் செல்ல வேண்டும்.

பொருத்தும் முன் சென்சாரைக் கொதிநீரில் இட்டுச் சோதித்தல் நலம். அவ்வாறு சோதிக்கும்போது மின்சார சென்சாரின் உடலுக்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும். சமவெளியில் முள் 100 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலோ நீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் ஓடும் லாரிக்கு ரேடியேட்டரின் அழுத்த மூடி பழுதின்றி இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதும் இதனால் விளங்கும்.

முள் சொல்வதை அறிதல்

நீரின் உஷ்ணம் வழக்கமாக 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும். 105-ஐ நெருங்கினால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திச் சோதித்தல் வேண்டும். புகையின் உஷ்ணம் 650 முதல் 700 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நீடிக்க விடலாகாது என்பது பொதுவான வழக்கம். எஞ்சினைச் செய்தவர் வேறு அளவு கூறியிருப்பின் அதுவே கொள்ளத்தக்கது. ஏற்றத்தில் முள் உயரக் கண்டால் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்திக் கீழ்க் கியருக்கு மாறுக. எஞ்சின் விரைந்து சுழல்வதால் காற்று மிகுதியாகக் கிடைக்கும். நீர் பம்பும் விரைவாக வேலை செய்யும். ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது உடனே அணைக்காமல், புகையின் உஷ்ணம் 150 டிகிரிக்கு அருகில் இறங்கும் வரை மெதுவாக ஓடவிடுக. இல்லையேல் டர்போவின் பேரிங்கில் தங்கிய எண்ணெய் கருகிவிடும்.

ஓர் எச்சரிக்கையை ஓட்டுநர் யாவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சென்சார் நீரில் மூழ்கியிருக்கும் வரையில்தான் உண்மை சொல்லும். ஹோஸ் வெடித்து நீர் முழுவதும் வடிந்துவிட்டால், சென்சாரைச் சூழ்வது காற்றே. எஞ்சின் எரிந்துகொண்டிருக்கையிலும் முள் கீழே இறங்கிக் காட்டும். ஆகவே ஏற்றத்தில் முள் திடீரென இறங்குவதைக் கண்டு மகிழலாகாது. வண்டியை உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். சிறிது கூடுதல் செலவில் நீர்மட்டம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியையும் அமைத்தல் நன்று. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும், கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் ஒருபோதும் செய்யத்தகாதவை. முன்னது ஆளைச் சுடும். பின்னது சிலிண்டர் ஹெட்டில் விரிசல் உண்டாக்கும்.

மேற்கூறிய முறைகள் பழைய லாரிகளுக்கே பெரிதும் பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி அமைந்த வண்டிகளில் பல சென்சார்கள் முன்னரே உள்ளன. அவற்றின் கம்பிகளை வெட்டாமல், சோதனைச் சாக்கெட்டில் இணைக்கும் சிறு கருவியினால் உஷ்ணத்தைப் படித்தறிவதே தகுந்த வழி.

எத்தனை மானிகள் பொருத்தினாலும், புறப்படுமுன் நீரையும் எண்ணெயையும் பெல்ட்டையும் பார்க்கும் நல்ல வழக்கத்திற்கு அவை ஈடாகா. அவ்வழக்கத்தோடு மானியும் சேருமாயின் வண்டி வழியில் நில்லாது. கிராமத்தின் விளைபொருளும் வாடாமல் சந்தை சேரும். லாரி உடைமையாளர்களும் ஓட்டுநர்களும் இதனை மேற்கொண்டு நற்பயன் அடைவார்களாக.