ஒரே மீனவர், மூன்று பதிவேடுகள்

தரவு கைமாறும் இடங்கள் – 7

புத்தளம் நிர்வாக மாவட்டம் ஒன்றுதான். கடற்றொழில் திணைக்களத்தின் கணக்கிலோ அந்தக் கரை இரண்டு: புத்தளம் ஒரு கடற்றொழில் மாவட்டம், சிலாபம் இன்னொன்று. நாடு முழுவதும் இப்படி 15 கடற்றொழில் மாவட்டங்கள் உண்டு. புத்தளத்தில் பதிவான படகின் எண் பி.டி.எம். என்று முடியும், சிலாபத்துப் படகின் எண் சி.எச்.டபிள்யூ. என்று முடியும். பெயர் ஒன்றுதானே என்று குடிசனக் கணக்கெடுப்பின் 'புத்தளம்' பத்தியைக் கடற்றொழில் பதிவேட்டின் 'புத்தளம்' பத்தியோடு பொருத்தினால், சிலாபத்துப் படகுகள் மொத்தமாக விடுபட்டுவிடும். கணினி பிழை எதையும் காட்டாது. இரண்டு பக்கமும் எழுத்து, இரண்டும் 'புத்தளம்'.

இரண்டு மென்பொருள்களை இணைக்கும்போது 'மேப்பிங்' என்ற வேலையில் பெரும்பாலோர் பார்ப்பது தரவின் வகையை மட்டும்தான். எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண், திகதிக்குத் திகதி. வகை பொருந்தாவிட்டால் கணினியே கூச்சல் போடும், திருத்திவிடலாம். வகை பொருந்தியும் பொருள் பொருந்தாத இடங்களே எனக்குப் பயம் தருகின்றன.

மீனின் எடையைப் பாருங்கள். பலநாட் படகில் பிடிபடும் பெரிய சூரைகளைச் செவுளும் குடலும் நீக்கித்தான் ஐஸில் வைப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் மீனுக்கான பிடிச் சான்றிதழ் மீன் உயிரோடு இருந்தபோதைய உத்தேச எடையை ஓர் இடத்திலும், கரையிறக்கிய எடையை வேறோர் இடத்திலும் கேட்கிறது. இரண்டும் கிலோ, இரண்டும் எண். ஒன்றை மற்றதன் இடத்தில் நிரப்பினாலும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூனில்தான் அது நீங்கியது. படகுகளைக் கண்காணிக்கும் முறை சரியில்லை என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பதிவேட்டின் மேல் நம்பிக்கை போனால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்தக் கரை அனுபவித்திருக்கிறது.

படகுக்கும் மீனுக்கும் அடுத்து, ஆள். தேசிய அடையாள அட்டையின் பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூடும். 2000இல் பிறந்தவர்கள் அட்டை எடுக்கும் வயதை எட்டியபோது, ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்கள் போதவில்லை. 2016 ஜனவரி 1 முதல் எழுத்தே இல்லாத 12 இலக்க எண் வந்தது. பழையதைப் புதியதாக்குவது எளிது: முன்னால் 19, முதல் ஐந்து இலக்கங்கள், நடுவில் ஒரு சுழியம், கடைசி நான்கு இலக்கங்கள்.

திரும்பி வரும் வழிதான் இல்லை. 'வி' என்றால் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர். புதிய எண்ணில் அந்தச் செய்தி கிடையாது. பழைய எழுத்தை அழித்துவிட்டு நாளை யாராவது பழைய வடிவம் கேட்டால், ஊகித்துத்தான் எழுத வேண்டும்.

12 இலக்கம் என்றதும் அதை எண்ணாகச் சேமிக்கத் தோன்றும். 32 பிட் முழுஎண் 214 கோடியைச் சற்றுத் தாண்டியதும் நிரம்பிவிடும். அது பத்து இலக்கம்தான். எக்ஸெல்லில் ஒட்டினால் நடுவே 'ஈ' போட்டுச் சுருக்கிக் காட்டும். அடையாள எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ யாருக்கும் தேவையில்லை. அது எழுத்தாகவே இருக்கட்டும். கைப்பேசி எண்ணுக்கும் அப்படியே. முன்னால் இருக்கும் சுழியம் தொலைந்தால் குறுஞ்செய்தி போய்ச் சேராது.

இன்னொரு நுணுக்கம். அடையாள எண்ணின் நாள் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டானாலும் 29 நாள். 1985 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் பழைய எண் 85561 என்று தொடங்கும். வழக்கமான திகதிக் கணக்கில் போட்டால் 61ஆவது நாள் மார்ச் 2 ஆகிவிடும். பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்லும், கணினி ஒன்று சொல்லும். திகதி பொருந்தாத விண்ணப்பம் என்று ஒதுக்கப்பட்டால், பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்கு அலைவது அந்தப் பெண்தான். நிரலை எழுதியவர் அல்ல.

எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத பத்தி ஒன்று இந்தக் கரையில் இருக்கிறது: முகவரி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். இங்கே குடியிருந்துகொண்டு மன்னாரில் வாக்காளராகப் பதிந்திருந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு இரண்டு முகவரிகளும் உண்மை. ஒரேயொரு முகவரிக்கு இடம் வைத்த மென்பொருள், அவர்களுடைய வாழ்க்கையில் பாதியை வெட்டிவிடுகிறது. அந்தப் பத்தியை இரண்டாக்குவது ஒரு பிற்பகல் வேலை. செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அலுவலகத்தில் இரண்டு பதிவேடுகளை இணைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், மாற்றிய மதிப்பின் பக்கத்திலேயே மூல மதிப்பையும் வையுங்கள். பொருந்தாத பதிவுகளைக் கணினி தானாகத் தள்ளிவிட அனுமதிக்காதீர்கள். அவை தனிப் பட்டியலாக ஒரு மனிதரின் மேசைக்கு வரட்டும். இணைப்பை ஓட்டும் முன், சிலாபத்துப் படகு ஒன்றையும் மார்ச் மாதத்தில் பிறந்த பெண் ஒருவரையும் இரண்டு முகவரி உள்ள குடும்பம் ஒன்றையும் போட்டுச் சோதித்துப் பாருங்கள்.