அப்புவைச் சும்மா இருக்க விடலாமா?

"அப்பு, நீங்கள் சும்மா இருங்கோ. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

இடம்பெயர்ந்த குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அன்பினால் சொல்லப்படுவது. ஐம்பது வருடம் மண்ணோடு மாரடித்த மனிதர் இனியாவது ஆறியிருக்கட்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சொந்தக் காணியில் இருந்த காலத்தில் இந்தப் பேச்சினால் கெடுதல் ஒன்றும் வந்ததில்லை. ஏனெனில் அப்பு அதைக் கேட்கமாட்டார். விடிய எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஆனால் நலன்புரி நிலையத்திலோ, உறவினர் வளவில் போட்ட கொட்டிலிலோ, வாடகை வீட்டிலோ அவருக்குப் போவதற்கு ஓர் இடமில்லை. ஆகவே சொன்னபடியே சும்மா இருக்கிறார். கேடு தொடங்குவது அங்கேதான்.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய ஒரு தோட்டக்காரரின் ஒரு நாள் வேலையை எண்ணிப் பாருங்கள். அந்தச் செம்மண்ணிலே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாத்தி கட்டுவார். தண்ணீர் மாறும்போது மண்வெட்டியோடு வாய்க்கால் நீளத்துக்கும் நடப்பார். குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவார், எழும்புவார், மறுபடி குந்துவார். நீரிறைக்கும் இயந்திரம் வருவதற்கு முந்திய தலைமுறையோ துலா மிதித்தது. கிணற்றுக்கு மேலே துலாவில் முன்னும் பின்னும் நடப்பதற்குக் காலில் பலமும் வேண்டும், விழாமல் நிற்கும் சமநிலையும் வேண்டும். கீழே பட்டை பிடிப்பவருக்குத் தோளும் முதுகும் வேலை செய்தன. ஆச்சிமாரை எடுத்துக்கொண்டால் கிணற்றில் அள்ளியது, உரலில் இடித்தது, அம்மியில் அரைத்தது, கிடுகு பின்னியது என்று அதற்கும் முடிவில்லை. இவற்றை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. ஆயினும் இன்று வைத்தியர்கள் முதியவர்களுக்கு வேண்டும் என்று சொல்லும் நடை, தசைப்பலம், சமநிலை ஆகிய மூன்றும் அந்த வேலைக்குள்ளே இருந்தன. காணி போனபோது விளைச்சலோடு இவையும் போயின. இழப்பைக் கணக்கெடுக்க வந்த எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

வயது ஏற ஏற எல்லோருக்கும் தசை குறைகிறது. அசையாதிருந்தால் அது மிக விரைவாகக் குறைகிறது. 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுடைய, நோயில்லாத 11 பேரை 10 நாட்கள் கட்டிலிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாட்களில் கால்களிலிருந்து மட்டும் ஒவ்வொருவரும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். திண்ணையில் இருப்பதும் கட்டிலில் கிடப்பதும் ஒன்றல்லத்தான். ஆனால் காய்ச்சல் என்று ஒரு கிழமை படுத்த முதியவர், காய்ச்சல் மாறிய பிறகும் சுவரைப் பிடித்தே நடப்பதை நாம் எத்தனை தடவை கண்டிருக்கிறோம்! "வயசு போட்டுது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அதில் ஒரு பங்கு வயது. மறு பங்கு அந்தப் பாய்.

இருதயத்தின் கதையும் இதுவே. இலண்டன் மாநகரின் இரண்டு தட்டு பஸ் வண்டிகளில் வேலை செய்தவர்களைப் பற்றி ஜெறி மொறிஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1953இல் எழுதினர். சாரதி நாள் முழுவதும் இருந்த இடத்தில் இருப்பவர். நடத்துனரோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே வண்டியில் வேலை செய்தாலும், மாரடைப்பு நடத்துனர்களிடையே கணிசமாகக் குறைவாக இருந்தது. சலரோகத்துக்கும் இது பொருந்தும். சாப்பிட்ட சோற்றிலிருந்து இரத்தத்தில் சேரும் சீனியை எடுத்துச் செலவழிப்பது பெரும்பாலும் தசைதான். அரிசி, கோதுமை மா, சீனி என்று வந்த நிவாரணப் பொதியில் மாச்சத்தே மிகுதி. அதைச் சாப்பிட்டுவிட்டு அசையாதிருந்தால் சீனி எங்கே போகும்? சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் ஒழுங்கை நீளத்துக்கு நடந்துவருவது அதைக் குறைக்க உதவும்.

இனி, நம்பிக்கைக்குரிய செய்தி ஒன்று. எமது மக்கள் வலிகாமம் வடக்கை விட்டு வந்த அதே 1990ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. தொண்ணூறு வயதை அண்டிய 10 பேர், கால்களினால் பாரம் தூக்கும் பயிற்சியை எட்டுக் கிழமை செய்யத் தொடங்கினர். ஒருவர் இடையில் விட்டார். மற்றவர்களின் காற்பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. இருவர் பொல்லில்லாமல் நடந்தார்கள். தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் பலம் பெறுகிறது என்பதை உலகம் அப்போது கண்டது. எழுபது வயது அப்புவைப் பார்த்து "இனி என்ன" என்று சொல்வதற்கு இடமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, மூச்சுச் சற்று வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும். அத்தோடு பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைக் கிழமையில் மூன்று நாட்களாவது செய்ய வேண்டும். அவ்வளவு முடியாதவர் முடிந்ததைச் செய்தாலும் பயனுண்டு என்றும் அது கூறுகிறது. 150 நிமிடம் என்றால் ஐந்து நாளைக்கு அரை மணித்தியாலம். தோட்டக்காரனுக்கு அது காலைத் தேநீருக்கு முந்திய வேலை!

ஆனால் தோட்டம் இல்லையே, எங்கே செய்வது?

முதலில் முதியவரின் கையிலிருந்து வேலையைப் பறிப்பதை நிறுத்துவோம். "ஆச்சி, வாளியை வையுங்கோ" என்று சொல்வதற்குப் பதிலாக, அரை வாளியாக இரண்டு தரம் கொண்டுவரச் சொல்லுங்கள். பாரமும் பாதி, நடையும் இரட்டிப்பு. முற்றத்தில் நாலு சாக்கில் மண் நிரப்பிக் கத்தரியும் மிளகாயும் வைத்தால் அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அப்புவிடமே விடுங்கள். நாற்றுமேடை போடுவதில் அவருக்குத் தெரிந்தது பேரப்பிள்ளைக்குத் தெரியாது. கோழிக்கூடு, வேலி அடைப்பு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருதல் எல்லாம் நடைதான். இடம் கொஞ்சமாக இருந்தாலும் "இது என்னுடைய வேலை" என்று ஒன்று இருப்பவர் காலையில் எழும்புவார்.

இதோடு கதிரையை வைத்து ஒரு பயிற்சி. கைபிடியில்லாத உறுதியான கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிளாஸ்ரிக் கதிரையானால் வழுக்கும், கவனம். இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு எழும்பி, நேராக நின்று, மறுபடி இருக்க வேண்டும். முப்பது வினாடியில் எத்தனை தடவை முடிகிறதென்று ஒருவர் எண்ணட்டும். 70 முதல் 74 வயது வரையான ஆண் 12 தடவைக்கும், பெண் 10 தடவைக்கும் குறைவாக எழும்பினால் காற்பலம் குறைந்திருக்கிறது, விழும் ஆபத்து அதிகம் என்று வைத்தியர்கள் கணிக்கிறார்கள். பயிற்சியும் அதுவே. காலையும் மாலையும் முடிந்த மட்டும் எழும்பி இருந்து பழக வேண்டும். கையால் ஊன்றி எழும்புபவர் ஊன்றியே தொடங்கலாம். சமநிலைக்கு, கப்பையோ தூணையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்கலாம். பழகிய பிறகு ஒரு விரலால் மட்டும் தொட்டு நிற்கலாம்.

முழங்கால் நோகிறது, எப்படி எழும்புவது என்று கேட்பீர்கள். முழங்கால் தேய்வுக்கு முதல் மருந்துகளில் ஒன்று தொடைத் தசையைப் பலப்படுத்துவதே. கதிரையில் இருந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். கொஞ்சம் நோகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டு வீங்கிச் சுடுமானால் நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். காலை இழந்தவர்கள் இருக்கும் வீடுகளில் இருந்தபடி கையால் செய்யும் பயிற்சிகளை இயன்மருத்துவரிடம் கேட்டறியலாம்.

தசைக்குப் புரதமும் வேண்டும். பயறு, கௌபி, உழுந்து, முட்டை, நெத்தலிக் கருவாடு இவற்றில் எது கைக்கெட்டுகிறதோ அது. வீட்டில் முட்டை ஒன்றுதான் என்றால் ஆச்சி அதைப் பேரனுக்கு வைப்பார். அதை யாராலும் தடுக்க முடியாது. கோழியைக் கூட்டுவதுதான் வழி.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். முகாம்களில் மலசலகூடம் தூரம், இருட்டு, வரிசை என்பதால் முதியவர்கள், விசேடமாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். உடலில் நீர் குறைந்து, தலைச்சுற்றி விழுகிறார்கள். ஒருமுறை விழுந்தவர் பயத்தினால் நடையைக் குறைக்கிறார். நடை குறையக் கால் மெலிகிறது. கால் மெலிய மறுபடி விழுகிறார். பாதையில் ஒரு கைபிடிக் கயிறும் இரவில் ஒரு விளக்கும் இருந்தால் இது பெருமளவு குறையும். முதியோர் தினத்தன்று அவர்களை வாகனத்தில் ஏற்றிவந்து, மூன்று மணித்தியாலம் கதிரையில் இருத்தி, சுறுசுறுப்பைப் பற்றிப் பேசி, கேக் துண்டும் குடிக்க மென்பானமும் கொடுத்து அனுப்புவதைவிட அந்தக் கயிற்றுக்குச் செலவும் குறைவு.

இதை வாசித்துவிட்டு, எழுபது வயதிலும் வயிற்றுக்காகக் கூலிக்கு மண்வெட்டி பிடிக்கும் ஒருவரிடம் போய் "அசையுங்கோ" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அவருக்கு வேண்டியது சாப்பாடும் ஓய்வும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால், கண் இருண்டால் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர் மருந்து எடுப்பவர் பாயிலிருந்து சட்டென்று எழும்பாமல், சற்று இருந்து எழும்ப வேண்டும். சலரோகமுள்ளவர் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது; இரவில் பாதத்தைப் பார்த்தே படுக்க வேண்டும். வெயில் ஏறமுன்னரும் இறங்கிய பின்னரும் நடப்பதே நல்லது. காணி திரும்பக் கிடைத்தவர்கள், பழைய வளவைக் காணும் ஆவலில், வெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத பற்றைக்குள் இறங்க வேண்டாம்.

இன்று பின்னேரமே கதிரையைச் சுவரோடு வைத்து ஒருமுறை எண்ணிப்பாருங்கள். வந்த எண்ணிக்கையைக் கலண்டரில் இன்றைய திகதிக்கு நேரே எழுதி வையுங்கள். எட்டுக் கிழமை கழித்து, அதே கதிரையில், பேரப்பிள்ளையே மறுபடி எண்ணட்டும்.