பிரெஞ்சு வகுப்பில் பேச எவ்வளவு நேரம்?

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்து இயங்குகிறது. பிரெஞ்சு லிசே பள்ளி அதற்கும் மூத்தது, 1826. ஊர் 1962-ல் சட்டப்படி இந்தியாவிடம் வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்றவர்களின் வாரிசுகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். இத்தனை இருந்தும், மற்றப் பள்ளிகளில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கும் மாணவருக்கு அதைப் பேசிப் பார்க்க இடமில்லை.

கணக்கு எளிது. வகுப்பில் 40 பேர், பாடவேளை 40 நிமிடம் என்றால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். தேர்வும் பேச்சைப் பெரிதாகக் கேட்பதில்லை. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துக்கு. பேச்சு, மீதி 20-க்குள் ஒரு மூலையில். பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்ற பேச்சு சும்மா வரவில்லை! பிரான்ஸ் அரசின் டெல்ஃப் சான்றிதழ் வேறு ரகம். பேச்சுக்கு மட்டும் 100-ல் 25. அதில் 5-க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு வாங்கியும் தேர்ச்சி கிடையாது. தொடக்க நிலையிலேயே 5 முதல் 7 நிமிடம் தேர்வாளர் எதிரே பேசியாக வேண்டும்.

செல்பேசி உதவுவது இங்கேதான். நான் சொல்வது விலை கொடுத்து வாங்கும் செயலிகளை அல்ல, சாதாரணக் குரல்பதிவை. 'நேற்று மாலை என்ன செய்தாய்?' என்று ஆசிரியர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். மாணவர் வீட்டிலிருந்து ஒரு நிமிடம் பேசி அனுப்ப வேண்டும். அனுப்புமுன் தன் குரலைத் தானே கேட்பார், பிடிக்காது, அழித்துவிட்டு மறுபடி பேசுவார். அந்த அழித்தல்தான் பயிற்சி.

தமிழ் நாக்குக்குச் சில வசதிகள் உண்டு. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் ப, க போன்ற ஒலிகளோடு மூச்சும் சீறி வரும். பிரெஞ்சில் வராது, தமிழிலும் வராது. பிரெஞ்சின் 'த' நம்முடையதைப் போலப் பல்லைத் தொட்டே பிறக்கிறது. சிக்கல் வேறிடத்தில். மீனையும் பானத்தையும் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் முதல் ஒலியில் மட்டும் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் 'ப'தான். உதட்டை 'உ'வுக்குக் குவித்து நாக்கை 'இ'க்கு வைக்கும் உயிரொலி ஒன்றும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல், பிரெஞ்சு எழுத்தை ஆங்கிலம்போல வாசிக்கும் பழக்கம். ஆகவே எழுத்தைக் காட்டுமுன் ஒலியைக் கேட்க வைப்பது நல்லது. பிரெஞ்சு ஊடகங்களான டிவி5மோந்த், ஆர்எஃப்ஐ இரண்டும் நிலைவாரியான கேட்புப் பயிற்சிகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன.

உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 'தவறு' என்று சிவப்புக் காட்டும் செயலி, உதட்டை எப்படிக் குவிப்பது என்று சொல்லித் தராது. ஆசிரியர் ஒவ்வொரு பதிவிலும் ஒரே ஒரு பிழையைச் சுட்டிப் பதில் குரல் அனுப்பினால் போதும். நாற்பதையும் ஒரே நாளில் கேட்க வேண்டியதில்லை, வாரம் பத்துப் பேர் என முறை வைக்கலாம். பிள்ளைகளின் பதிவுகளை மட்டும் வகுப்புக் குழுவில் போடாமல் ஆசிரியருக்குத் தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். நாலு பேர் சிரிப்பார்கள் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் பேசாது.