கோப்பி நோயும் கணினிக் கணக்கப்பிள்ளைகளும்

கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் சம்பளம் குறையும், சம்பளம் குறைந்தால் எமது கடன் புத்தகம் தடிக்கும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தேயிலைக்கு முன் மலையகத்தை ஆண்டது கோப்பி. 1869 இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. மலைக்கு மலை ஒரே பயிர் என்பதால் அது தடையின்றிப் பரவியது. சுமார் இருபது வருடங்களில் கோப்பிக் கைத்தொழில் அழிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 இல் முறிந்தது. லூல்கந்துர தோட்டத்தில் 1867 இலேயே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டுப் பார்த்திருந்தது பிறகு கைகொடுத்தது.

இந்தப் பழைய கதை இன்று 'புளொக்செயின்' மென்பொருள் எழுதுபவர்களின் பிரச்சினையை விளங்கிக்கொள்ள உதவும்.

புளொக்செயின் என்பது ஒரு பேரேடு. எமது பேரேடு முதலாளியின் மேசையில் இருக்கும். இதுவோ ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பிரதியாக இருக்கிறது. அடுத்த பக்கத்தை எழுதுவது யார் என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன. பிட்கொயினில் மின்சாரத்தைக் கொட்டிப் போட்டி போடுகிறார்கள். 'எதீரியம்' வலையமைப்பு 2022 செப்டெம்பர் 15 இல் அந்த முறையைக் கைவிட்டுப் பிணைப்பண முறைக்கு மாறியது. அதன் மின்செலவு 99 வீதத்துக்கும் மேல் குறைந்தது. இங்கே குறைந்தது 32 ஈதர் நாணயம் பிணை வைத்தவரே பக்கம் எழுதலாம், மற்றவர் எழுதிய பக்கத்துக்குக் கையொப்பமிடலாம். மூன்றில் இரண்டு பங்குப் பிணையின் கையொப்பம் சேர்ந்தால் பக்கம் மூடப்படும், பிறகு திருத்த இயலாது. ஒன்றுக்கொன்று முரணான இரு பக்கங்களுக்கு ஒருவரே கையொப்பமிட்டால் பிணையில் வெட்டு விழும்.

பிணை வைத்தவர் கண்விழித்துக் கணக்குப் பார்ப்பதில்லை. அவருக்காகப் பார்ப்பது 'கிளையன்ட்' எனும் மென்பொருள். (அகராதியைப் பார்த்து 'வாடிக்கையாளர்' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். எமது தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் இதற்குப் பொருத்தமானவர்.) ஒவ்வொரு கணினியிலும் இரண்டு கணக்கப்பிள்ளைகள் வேண்டும். ஒருவர் கொடுக்கல் வாங்கலைச் சரிபார்ப்பார்: கெத், நெதர்மைன்ட், பேசு என்பன அந்த வகை. மற்றவர் கையொப்பங்களைக் கவனிப்பார்: பிரிசம், லைட்ஹவுஸ், டெக்கு, நிம்பஸ் என்பன அந்த வகை. ஒரே விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வெவ்வேறு நாட்டுக் குழுக்கள் வெவ்வேறு கணினி மொழிகளில் இவற்றை எழுதுகின்றன. லைட்ஹவுஸை எழுதுவது அவுஸ்திரேலியாவில் உள்ள ஒரு நிறுவனம்.

ஒரே வேலைக்கு இத்தனை குழுக்கள் எதற்கு, வீண் செலவல்லவா என்று வியாபாரி கேட்பது நியாயம். பதில் 2023 மே 11, 12 ஆம் திகதிகளில் கிடைத்தது. பழைய கையொப்பங்கள் வெள்ளமாக வந்து குவிந்ததில் பிரிசமும் டெக்குவும் திணறின. பக்கம் மூடும் வேலை முதல் நாள் சுமார் 25 நிமிடங்களும் மறுநாள் ஒரு மணி நேரத்துக்கும் மேலும் நின்றது. அதே வெள்ளத்தை வேறு விதமாகக் கையாண்ட லைட்ஹவுஸ் போன்றவை தொடர்ந்து ஓடியதால் பேரேடு நிற்கவில்லை. எல்லோரும் ஒரே மென்பொருளை வைத்திருந்தால் கோப்பியின் கதைதான்.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றிவிடாது. 2025 பெப்ரவரி 24 இல் 'ஹொலெஸ்கி' எனும் பரீட்சார்த்த வலையமைப்பில் புதிய விதி புகுத்தப்பட்டபோது கெத், நெதர்மைன்ட், பேசு மூன்றிலும் பிணைப்பணக் கணக்கின் முகவரி தவறாக இருந்தது. பெரும்பான்மை பிழையான பக்கத்துக்குக் கையொப்பமிட்டது. சரிசெய்ய இரண்டு வாரங்கள் பிடித்தன. அங்கே புழங்கியது உண்மைப் பணமல்ல. உண்மை வலையமைப்பில் இது நடந்து பிழையான பக்கம் மூடப்பட்டிருந்தால், சரியான பக்கத்துக்குத் திரும்புவோர் முரண்பட்ட கையொப்பத்துக்காகப் பிணையை இழக்க நேரும். பிழை மென்பொருள் எழுதியவருடையது, நட்டம் பிணை வைத்தவருடையது.

இந்த மென்பொருட்களின் மூலவரிகள் அனைத்தும் திறந்தே கிடக்கின்றன. எவரும் வாசிக்கலாம், பிழை காட்டலாம், திருத்தம் அனுப்பலாம். ஏற்பதா இல்லையா என்பதைப் பரிசோதித்துவிட்டு அந்தக் குழு முடிவு செய்யும். எமது நாட்டுக்கு இந்த வேலைமுறை புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின் கொழும்பில் தன்னார்வலர்கள் எழுதிய 'சஹானா' எனும் திறந்த மென்பொருள், மறுவருடம் பாகிஸ்தான் பூகம்ப நிவாரணத்துக்கும் உதவியது. கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ கணினி படிக்கும் பிள்ளைக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ஆரம்பத்தில் வருமானம் வராது. திறமை நிரூபணமானால் நிறுவனங்கள் சம்பளத்துக்கு எடுக்கின்றன, எதீரியம் அறக்கட்டளையும் மானியம் வழங்குகிறது.

கடையில் உட்கார்ந்திருக்கும் எமக்கோ வேறொரு கவலை. 'ஸ்டேக்கிங்கில் பணம் போடுங்கள், மாதம் இவ்வளவு நிச்சயம்' என்று யாராவது வந்தால் என்ன கேட்பது? பிணை யாருடைய திறவுகோலின் கீழ் இருக்கும், எந்த மென்பொருள் ஓடுகிறது, அது தவறினால் நட்டம் யாருக்கு என்ற மூன்றையும் கேளுங்கள். உண்மையான ஸ்டேக்கிங்கில் கிடைப்பது வருடத்துக்குச் சில வீதம் மட்டுமே, அதுவும் நிலையானதல்ல. ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற பேச்சு வந்தால் அது பிரமிட் வியாபாரம், எமது வங்கிச் சட்டம் அதைத் தடை செய்கிறது. மெய்நிகர் நாணயங்களின் ஆபத்து பற்றி மத்திய வங்கி 2021 இலும் 2022 இலும் எச்சரித்துள்ளது. ஸ்டேக்கிங்கில் வருவது உழைப்புக்கான கூலியா வட்டியா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.