குளிராத ஊரில் ஆறிய எஞ்சின்

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டிலிருக்கும் பழைய மொரிஸ் மைனர் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கிறது, ஓடிச் சூடேறிய பிறகு ஒரே தடவையில் பிடிக்கிறது, பெற்றோலில் கலக்கும் ஒரு திரவத்தைச் சிபாரிசு செய்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம்.

பெற்றோலில் எரிவது அதன் ஆவிதான். ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் கொதிக்கும் இலகுவான கூறுகள் முதல் 200 பாகை வரை அசைந்துகொடுக்காத கனமானவை வரை அதில் கலந்திருக்கின்றன. ஆறிய எஞ்சினில் இலகுவானவை மட்டும் எழும். மிச்சம் எஞ்சினுக்குள் போகும் குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும்.

அதிகாலை முகூர்த்தக் கல்யாணம் போலத்தான். ஐம்பது பேராவது நேரத்துக்கு வரவேண்டுமென்றால் ஐந்நூறு பேரை அழைக்க வேண்டும். சோக்கை இழுப்பது அந்தக் கூடுதல் அழைப்பு. முதலில் வருவோர் பக்கத்து வீட்டுக்காரர்: இலகுவான கூறுகள். வெயில் ஏறியதும் தூரத்து உறவுகளும் வந்து சேர்வார்கள். அப்போதும் அழைத்துக்கொண்டே இருந்தால் பந்தியில் இடமிராது. சோக்கைத் திரும்பத் தள்ள மறந்தால் பிளக்கில் கரி படிவது இதனால்தான். காரை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தாலோ, காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்திலிருந்து அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களே முதலில் எழுந்து போய்விடுகிறார்கள்.

மைனரின் எஸ்.யூ. காபரேற்றர் இந்த அழைப்பை அனுப்பும் விதம் அழகானது. வேறு பல காபரேற்றர்களில் சோக் என்பது காற்றுவழியை அடைக்கும் ஒரு தகடு. எஸ்.யூ. எதையும் அடைப்பதில்லை. பெற்றோல் வரும் ஜெட்டின் துளைக்குள், கீழ்நோக்கி மெலிந்துபோகும் ஊசியொன்று இறங்கியிருக்கிறது. சோக்கை இழுத்தால் ஜெட் கீழிறங்கும். துளைக்கு நேரே ஊசியின் மெலிந்த பகுதி வரும். சுற்றியுள்ள வளைய இடைவெளி பெரிதாகும். அதே காற்றுக்குக் கூடுதல் பெற்றோல் ஏறும். சோக் குமிழை ஜெட்டோடு இணைக்கும் கேபிள் வழுக்கினால் குமிழ் மட்டும் கையோடு வரும், ஜெட் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருவர் குமிழை இழுக்க, இன்னொருவர் காபரேற்றரின் அடியைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

  

இங்கிலாந்தின் மாரிகாலத்தில் ஸ்டார்ட் ஆகவென்று செய்த எஞ்சினுக்குக் கொழும்பின் 24, 25 பாகை விடியல் குளிரே இல்லை. ஆகவே பெற்றோலைச் சந்தேகிக்குமுன் காரைச் சந்தேகியுங்கள். சாவியைத் திருப்பியதும் எஸ்.யூ. மின்பம்பு டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் ஓய வேண்டும். ஓயாவிட்டால் தாங்கி காலி, அல்லது எங்கோ காற்று புகுகிறது, அல்லது கிண்ணம் வழிகிறது. சத்தமே இல்லையென்றால் பம்பின் தொடுமுனைகளைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகாத நிலையிலேயே பிளக்கைக் கழற்றுங்கள்: உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை, நனைந்திருந்தால் பெற்றோல் மிகுதி, அல்லது தீப்பொறி மெலிவு.

கடலோர வெள்ளவத்தையில் நான் முதலில் பார்ப்பது பற்றறியின் எர்த் இணைப்பைத்தான். உப்புக்காற்றில் அது அரிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து கொயிலுக்குப் போதாமல் போகும். சூடான எஞ்சின் மெலிந்த தீப்பொறியையும் ஏற்கும், ஆறியது ஏற்காது. பிளாட்டின முனை இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், இவையும் சரியா என்று அளந்துவிடுங்கள்.

எந்தப் போத்தல் திரவமும் துருப்பிடித்த எர்த்தைச் சுத்தம் செய்யாது, வழுக்கும் கேபிளை இறுக்காது. ஒரு துண்டு எமரித் தாளோடு தொடங்குங்கள். கேபிள் தேய்ந்திருந்தால் திரவத்துக்கு வைத்த காசைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் செலவழியுங்கள்.