கம்பளி இலை, மஞ்சள் பூ... முல்லீன் செடியைச் சரியாக அடையாளம் காண்பது எப்படி?

கோடை விடுமுறையில் சிம்லா, மணாலி, காஷ்மீர் பக்கம் போனவர்கள் இந்தச் செடியைப் பார்த்திருக்கலாம். சாலையோரச் சரிவில், ஆள் உயரத்துக்கு ஒற்றைத் தண்டு. உச்சியில் கதிர்போல நெருக்கமாக மஞ்சள் பூக்கள். அதுதான் முல்லீன். தாவரவியல் பெயர், வெர்பாஸ்கம் தாப்சஸ். இந்தியில் 'பன் தம்பாக்கூ', அதாவது காட்டுப் புகையிலை.

இருமலுக்கு இதன் இலையைக் காயவைத்து டீ போட்டுக் குடிக்கும் வழக்கம் ஐரோப்பா, அமெரிக்காவில் உண்டு. ஆனால், செடி மாறினால் உயிருக்கே ஆபத்து!

ஏன் குழப்பம்?

முல்லீன் இரண்டு வருடச் செடி. முதல் வருடம் தரையோடு தரையாக வட்டமாக இலைகள் மட்டுமே விடும். அடுத்த வருடம்தான் தண்டும் பூவும். டிஜிட்டாலிஸ் எனப்படும் ஃபாக்ஸ்குளோவும் அப்படித்தான். பூக்காத நிலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். டிஜிட்டாலிஸ் இனத்திலிருந்து 'டிகாக்சின்' என்ற இதய மருந்து எடுக்கப்படுகிறது. அளவு மீறினால், அதே வகைப் பொருள்கள்தான் இதயத் துடிப்பைக் குலைக்கும் விஷம்.

இலையில் என்ன பார்க்கணும்?

முல்லீன் இலையின் இரண்டு பக்கமும் கம்பளி போர்த்தியதுபோல சாம்பல் நிற ரோமம் அடர்ந்திருக்கும். ஃபாக்ஸ்குளோவில் ரோமம் குறைவு; ஓரத்தில் சிறு பற்களும், அடிப்புறம் புடைத்த வலைப்பின்னல் நரம்புகளும் தெரியும். முல்லீன் வளர்ந்த பிறகு இலையின் அடிப்பகுதி தண்டோடு ஒட்டிக் கீழே இறங்கும்.

பூவில்?

முல்லீன் பூ தட்டையாக விரியும். ஐந்து இதழ்கள், ஐந்து மகரந்தத் தாள்கள். அவற்றில் மேலுள்ள மூன்றில் ரோமம் நிறைந்திருக்கும். ஃபாக்ஸ்குளோவின் பூ தொங்கும் மணி. மகரந்தத் தாள்கள் நான்கு.

எல்லா முல்லீனுக்கும் கம்பளி இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். 'வெர்பாஸ்கம் பிளாட்டேரியா' வகையின் இலை வழுவழுப்பானது.

142 வருடம் தூங்கிய விதை

1879-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் பல செடிகளின் விதைகளை 20 பாட்டில்களில் அடைத்துப் புதைத்தார். 2021-ல் ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து விதைத்தபோது, முளைத்தவை முல்லீன் இனச் செடிகளே!

எனவே, மலைப்பாதையில் இந்தச் செடியைப் பார்த்தால் தாராளமாகப் போட்டோ எடுங்கள். பூ வராத செடியின் இலையைப் பறித்து வாயில் வைக்க மட்டும் வேண்டாம்.