ஒரு பல் கூடினால்

செம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய டாடா 1613 லாரி வைத்திருக்கிறாராம். தாராவி தேரா காம்பவுண்டில் பிளாஸ்டிக் குருணை ஏற்றிக்கொண்டு பெங்களூர், சேலம் என்று ஓடும் வண்டி. பன்வேல் தாண்டி ரோடு திறந்ததும் இன்ஜின் அலறுகிறது, டீசலைக் குடிக்கிறது. புது லாரிகள் அதே வேகத்தில் சத்தமில்லாமல் கடந்து போகின்றன. இன்ஜின் சுற்றைக் குறைக்க வழி உண்டா என்று கேட்கிறார். உண்டு. குர்லா சி.எஸ்.டி. ரோட்டின் பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரித்தாலே அந்த வழி தெரிந்துவிடும். ஆனால் சுற்றைக் குறைத்த பிறகும் டீசல் மிச்சமாகாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

இந்த வகை லாரியில் ஐந்தாவது கியர் நேர் கியர். இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. அதற்குப் பின்னால், பின் அச்சின் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடிதான் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல் என்றால் இன்ஜின் 6.83 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். 10.00-20 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 3.2 மீட்டர் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். சக்கரம் 312 சுற்று, இன்ஜின் 2130-ஐ ஒட்டி. இதே ஹவுசிங்கில் 7 பல் பினியனும் அதற்கு இணையான 41 பல் கிரவுனும் ஏறினால் விகிதம் 5.86 ஆகிவிடும். அதே 60-ல் இன்ஜின் 1830-இல் ஓடும். ஒரே ஒரு பல் கூடியதற்கு நிமிடத்துக்கு 300 சுற்று மிச்சம்.

இரண்டு ஜோடியிலும் கிரவுனுக்கு 41 பல் என்பதைக் கவனியுங்கள். 40 அல்லது 42 என்று முழுசாக வைத்திருக்கலாமே! 42-க்கு 6 என்று வைத்தால் பினியனின் ஒரு குறிப்பிட்ட பல், கிரவுனின் அதே ஏழு பற்களைத்தான் ஆயுள் முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பல்லில் ஒரு சிறு பிசிறு இருந்தால் அந்த ஏழு மட்டும் தேயும். 41 பகா எண். 6-க்கும் 7-க்கும் அதனோடு பொது வகுஎண் கிடையாது. எனவே பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் 41 பற்களையும் ஒரு சுற்று பார்த்த பிறகே பழைய பல்லிடம் திரும்பி வரும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்காகிறது. பள்ளிக்கூடத்தில் எதற்கு என்று தெரியாமலே படித்த பகா எண், லாரியின் பின் அச்சுக்குள் கியர் ஆயில் வாசனையோடு வேலை செய்துகொண்டிருக்கிறது! இந்த ஜோடியைத் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். பழைய சாமான் கடையில் ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்து ‘செட்’ என்று விற்பவர்கள் உண்டு. வாங்கும்போது டார்ச் அடித்து அந்த எண்ணைப் பார்க்காதவர், சில மாதங்களில் ஹவுசிங் ஊளையிடுவதைக் கேட்பார். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. வழுக்கும்போது வரும் அழுத்தத்தைத் தாங்கும் ரசாயனம் கலந்த இ.பி. கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இன்ஜினுக்கு வேளாவேளைக்கு ஆயில் மாற்றுபவர்கள்கூட ஹவுசிங் ஆயிலை வண்டி வாங்கிய நாளோடு மறந்துவிடுவது எனக்குப் புரியாத அலட்சியம்.

சரி, சுற்று குறைந்தால் டீசல் ஏன் குறைய வேண்டும்? லாரியைத் தள்ளத் தேவையான சக்தி அதேதானே என்ற கேள்வி நியாயமானது. சமதளச் சாலையில் 60-ல் போகும் 16 டன் வண்டிக்கு, அதன் 130 குதிரைசக்தியில் ஏறக்குறைய பாதி போதும். 6 பல் போட்டாலும் 7 பல் போட்டாலும் அந்தப் பாதி மாறாது. மாறுவது, இன்ஜின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளச் செலவழிக்கும் சக்தி. பிஸ்டன் உராய்வு, பேரிங், ஆயில் பம்ப், காற்றை இழுத்து வெளியே தள்ளும் வேலை எல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் கட்ட வேண்டிய வரி. மாட்டுங்கா ஓட்டலில் இட்லிக் கொப்பரையைப் பாதித் தட்டோடு நாலு ஈடு வைப்பதைவிட முழுத் தட்டோடு இரண்டு ஈடு வைத்தால் கேஸ் மிச்சம். இட்லி எண்ணிக்கை ஒன்றுதான். டீசல் இன்ஜினும் குறைவாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக எரித்தால் மிச்சம் பிடிக்கும். 1613-இன் இழுவிசை உச்சத்தில் இருப்பது 1500 சுற்றை ஒட்டித்தான். 1830 என்பது அதற்குப் பக்கத்தில் வருகிறது.

ஆனால் சுற்று 14 சதவீதம் குறைந்தது என்பதற்காக டீசலும் 14 சதவீதம் குறையும் என்று கணக்குப் போடக் கூடாது. மிச்சமாவது உராய்வின் ஒரு பங்கு மட்டுமே. நூற்றுக்கு நாலைந்து என்பது நியாயமான எதிர்பார்ப்பு. லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் தரும் வண்டியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்பது முதல் பதினோரு லிட்டர், இன்றைய மும்பை விலையில் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். மாதம் ஐந்தாறு நடை அடிப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

இனி எதிர்ப்புகள். மும்பைக்குள்ளேயே ஓடும் டெம்போவுக்கும் இதைச் செய்யலாமா என்றால், வேண்டவே வேண்டாம். தாராவி 90 அடி ரோட்டில் டாப் கியருக்கு வேலையே இல்லை. அங்கே தேவை நின்ற இடத்திலிருந்து கிளப்பும் இழுவை. 7 பல் பினியன் அதில் ஏழில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும், கிளட்ச் பிளேட் கருகும். கண்டாலா காட் ஏற்றத்திலும் இதே நஷ்டம் உண்டு. மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கும். நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு அந்தச் சில கிலோமீட்டர் பெரிதல்ல, ஒரு நிபந்தனையோடு: பாரம் பதிவில் உள்ளபடி இருக்க வேண்டும். இரண்டு அச்சு லாரிக்கு முன்பு 16.2 டன் இருந்த மொத்த எடை வரம்பை 2018 ஜூலையில் புது வண்டிகளுக்கு 18.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு முன்பும் பின்பும் 25 டன் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு 6 பல்லே போதாது. அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை. ஷாஃப்ட்டை இன்ஜினைவிட வேகமாகச் சுற்றவைக்கும் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் போட்டால் முதல் கியரின் இழுவை அப்படியே இருக்குமே என்பது கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் நேர் கியரில் பல்லைத் தொடாமல் போகும் சக்தி, ஓவர்டிரைவில் இரண்டு ஜோடிப் பற்கள் வழியாகப் போகிறது. கொஞ்சம் அங்கேயே சூடாகிக் கரையும், செலவும் அதிகம். பெரிய டயர் போடுவதோ மூன்று சதவீத விஷயம். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோடு மோதி அதற்காக ஒரு தலைவலி வாங்குவானேன்?

இறக்கத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. இன்ஜின் பிரேக்கும் அதே ஏழில் ஒரு பங்கு குறைகிறது. எனவே காட் இறங்கும்போது முன்பைவிட ஒரு கியர் கீழே போட வேண்டியிருக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கமுள்ள டிரைவரிடம் இந்த வண்டியைக் கொடுக்கவே கூடாது. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. டீசல் பம்பின் கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிகிறது. பிரேக்கும் எரிந்து டீசலும் எரிகிற சிக்கனம் அது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன காரணம். டிரைவர்கள் காதால் ஓட்டுகிறார்கள். 2130 சுற்றின் சத்தத்துக்குப் பழகிய காது, 1830-ஐக் கேட்டால் வண்டி மெதுவாகப் போவதாகவே நினைக்கும். கால் தானாக அழுத்தும், சத்தம் பழைய இடத்துக்கு வரும்வரை. அப்போது வேகம் 60 அல்ல, 70. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் அது 36 சதவீதம் கூடியிருக்கும். பல் கொடுத்த மிச்சத்தை முன் கண்ணாடி தின்றுவிடும், மேலும் கொஞ்சம் கடனும் வைக்கும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா 1974-இல் நெடுஞ்சாலை வேகத்தையே 55 மைலுக்கு, அதாவது 88 கிலோமீட்டருக்கு, இறக்கியது இந்தக் கணக்கால்தான்.

மீட்டரைப் பார்த்து ஓட்டினால் தப்பலாமே என்றால், மீட்டரும் இதில் கூட்டாளி. இந்தப் பழைய லாரிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் பின்புறத்திலிருந்து வருகிறது. அது எண்ணுவது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சுற்றை. ஹவுசிங்குக்குள் பல் மாறியது அதற்குத் தெரியாது. வண்டி 60-ல் போனால் முள் 51-இல் நிற்கும். முள் 60-ஐத் தொட்டால் வண்டி 70-ல் போகிறது. காதும் முள்ளும் ஒரே பொய்யைச் சொல்லும்போது டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிரவுன் வேலை முடிந்த கையோடு கேபிள் அடியில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் மீட்டர் கண்ணாடியில் 51-க்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டு, இனிமேல் இதுதான் 60 என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.